பட்டம் உன் இடுப்பில், பயம் யார் மேல்?

தொழில்முறைக் குத்துச்சண்டைக்காரன் கடினமான எதிராளியைத் தவிர்க்கலாமா? 'சார்பட்டா பரம்பரை' படம் 2021-இல் வந்த பிறகு நம் பசங்க குத்துச்சண்டை பற்றி நிறையவே பேசுகிறார்கள். "அவன் உடம்பு, அவன் உயிர். வேணாம்னா விட்டுட வேண்டியதுதானே?" என்பது ஒரு வாதம். அது பாதிதான் சரி.

தவிர்க்கிறவன் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். வயிற்றுப்பாட்டுக்காக மேடை ஏறி, சண்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் ஒருத்தன். தகுதிக்கு மீறிய ஆளோடு அவனை மோதவிட்டுக் காசு பார்ப்பவன் ஏற்பாட்டாளன். மண்டையில் வாங்கிய அடி பல வருசம் கழித்தும் மூளையைத் தின்னும். அப்படிப்பட்டவன் 'ஏறமாட்டேன்' என்றால் அது கோழைத்தனம் இல்லை, உழைப்பாளியின் உரிமை.

பட்டம் வைத்திருப்பவன் சங்கதி வேறு. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் 'என் ஆடுதான் ஒசத்தி, ஆனா யாரும் தொட்டுப் பாக்கக் கூடாது' என்றால் எவன் வாங்குவான்? உலகத்துக்கே நான்தான் வீரன் என்கிறவன் சோதனைக்கு நின்றே தீர வேண்டும்.

வரலாறு என்ன சொல்கிறது? 1882-இல் பட்டம் வென்ற ஜான் சல்லிவன், கறுப்பர்களோடு மோதமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பு வீரர் கடைசிவரை காத்திருந்ததுதான் மிச்சம். 1908-இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வீழ்த்தி ஜாக் ஜான்சன் அந்தச் சுவரை உடைத்தார். 1910 ஜூலை 4-இல் ஜெஃப்ரீஸையும் அவர் சாய்த்தபோது, அமெரிக்க நகரங்களில் வெள்ளை வெறியர்கள் கறுப்பர்களைத் தாக்கினார்கள், பலர் செத்தார்கள். இத்தனை காலம் எதற்குத் தவிர்த்தார்கள் என்பது அன்றைக்கு அம்பலமானது. அப்புறமும் திருந்தவில்லை. 1919 முதல் 1926 வரை பட்டம் வைத்திருந்த ஜாக் டெம்ப்சி, ஹாரி வில்ஸ் என்ற கறுப்பரோடு ஒருமுறைகூட மோதவில்லை. ஏற்பாட்டாளர்களும் அரசியலும் சேர்ந்துதான் அதைத் தடுத்தன.

கசப்பான இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டம் கைக்கு வந்ததும் ஜான்சனும் சாம் லாங்ஃபோர்டு போன்ற வலுவான கறுப்பு வீரர்களுக்கு வாய்ப்புத் தரவில்லை. 1913-இல் பாரிசில் ஒரே ஒரு கறுப்பரோடு மோதினார், அவ்வளவுதான். சுவரை உடைத்தவரே உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். நம் அமைப்புகளில் பொறுப்புக்கு வந்தவர்களும் இதை யோசிக்கட்டும்.

நம்ம ஊரில் மட்டும் என்ன வாழுது? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் வேட்புமனுவைத் தடுத்தார்கள், ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006 வரை பத்து வருசம் இதே கதை. எதிராளியை மேடையே ஏறவிடாமல் 'நாங்களே வீரர்கள்' என்பதுதான் சாதி.

இன்றைக்குக் குத்துச்சண்டையில் கட்டாயப் போட்டியாளர் விதி இருக்கிறது. குறித்த காலத்தில் அவரோடு மோதாவிட்டால் பட்டம் போய்விடும். அதிலும் ஓட்டை. 1992-இல் ரிடிக் போவ், லெனாக்ஸ் லூயிஸோடு மோதுவதற்குப் பதிலாக உலகக் குத்துச்சண்டைக் கவுன்சிலின் பட்டையைக் குப்பைத்தொட்டியில் போட்டார். வேறு இரண்டு அமைப்புகளின் பட்டம் கையில் இருந்ததால் சாம்பியனாகவே தொடர்ந்தார். நாலு அமைப்பு நாலு பட்டம் கொடுத்தால் ஒளிய நாலு மூலை கிடைக்கும். எடைக்கு ஒரே பட்டம், தேதி குறித்த சவால், விலகுகிறவனுக்குப் பட்டம் இல்லை. இந்த மூன்றும் வேண்டும்.

கூலிக்கு அடி வாங்குகிறவன் தாராளமாக மறுக்கட்டும். பட்டக்காரன் மறுப்பதானால், பட்டத்தை அவிழ்த்து வைத்துவிட்டு மறுக்கட்டும்.