நாம் கேட்கும் ஒன்றியம்

சென்ற மாதம் பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி பிரெக்ஸிட்டில் வந்து நின்றது. நான் பெரிதும் மதிக்கும் வாசகர் ஒருவர், மாநில சுயாட்சியில் அசையாத நம்பிக்கை கொண்டவர், சொன்னார்: "பிரிட்டன்காரன் செய்தது சரிதான். தலைக்கு மேலே உட்கார்ந்து ஒருவன் சட்டம் போட்டால் வெளியே வருவதுதான் தன்மானம். நமக்குத்தான் அந்தச் சீட்டை எவரும் தரவில்லை." பலர் தலையசைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

இதே விஷயத்தில் அது என் இரண்டாவது மௌனம். முதலாவது 2016 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. முதற்பகுதித் தமிழ் வகுப்பில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன், லண்டனிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். கணிப்பொறி வேலைக்காகப் போனவன். "சார், எனக்கும் ஓட்டு இருக்கு சார். எதுல போடட்டும்?" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று எண்ணினேன். அவன் கையில் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஆனால் உண்மைதான். பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு அந்தப் பொது வாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. அவனோடு ஒரே அறையில் வேலை செய்த போலந்துக்காரர் பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தவர், அவருக்கு இல்லை. அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ் நீங்கலாக, மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர் எவருக்கும் இல்லை. யாருடைய வாழ்க்கை தலைகீழாகப் போகிறதோ அவரை விலக்கிவிட்டு, வந்து சில ஆண்டுகளே ஆன நம் பையனிடம் தீர்ப்புக் கேட்டார்கள். "உனக்குத் தோன்றியதைச் செய்யப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆசிரியன் சொல்லக்கூடிய பதிலா அது?

நண்பர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. நமக்கு எவரும் சீட்டுத் தரவில்லை. அதற்கு லண்டன்வரை போக வேண்டியதில்லை, செங்கோட்டைவரை போனால் போதும். அந்த வட்டத்தின் ஓடைகள் கிழக்கே இறங்கிச் சிற்றாற்றோடு கூடித் தாமிரபரணியை அடைகின்றன. தண்ணீர் நெல்லைக்கு, நிர்வாகம் திருவனந்தபுரத்துக்கு என்று தலைமுறைகள் கழிந்தன. ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தவர். திருவிதாங்கூர் வனத்துறையில் பணியாற்றியவர். பின்னர் நேசமணியின் தலைமையில் தமிழ்ப் பகுதிகளை இணைக்கும் போராட்டம் எழுந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிகள் வெடித்தன. ஆனால் முடிவை எடுத்தது பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்ற மூவர் ஆணையமும் அதன்பின் நாடாளுமன்றமும். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை வட்டத்தில் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. கணவாய்க்கு மேற்கே ஆரியங்காவு கேரளத்தில் நின்றது. தேவிகுளமும் பீர்மேடும் அங்கேயே நின்றன, அவற்றோடு முல்லைப் பெரியாறு அணையும். எந்தக் கிராமத்திலும் ஒரு பெட்டி வைத்து "எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்கப்படவில்லை. புதுச்சேரியிலாவது கேட்டார்கள் என்பீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்தவர்கள் 178 பிரதிநிதிகள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. மக்கள் வெளியே நின்றார்கள்.

ஆகவே கேட்கப்படாதவனின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. என் சண்டை அடுத்த படியோடு. "தில்லி போன்றதே பிரஸ்ஸல்ஸ், எனவே வெளியேறியது விடுதலை" என்ற ஒப்புமை முழுக்கத் தவறு. தவறு மட்டுமல்ல, நம் கோரிக்கையையே நாம் காட்டிக்கொடுக்கும் செயல்.

சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். அதன் மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். அதாவது தில்லி வேண்டாமென்றால் எதுவும் நடக்காது. தமிழ்நாடு தனியாக வேண்டாமென்றால் எதுவும் நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ வரி விஷயத்தில் ஒருமித்த ஒப்புதல் வேண்டும். நம் ஒரு மாவட்டத்து மக்கள்தொகைகூட இல்லாத மால்ட்டா கையைத் தூக்கி மறுத்தால் நின்றுவிடும். அந்த மால்ட்டாவின் மொழி ஒன்றியத்தின் 24 ஆட்சி மொழிகளில் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6.9 கோடிப் பேர் பேசும் தமிழ், இந்திய ஒன்றியத்தின் ஆட்சி மொழி அன்று. போகட்டும், கதவு? லிஸ்பன் ஒப்பந்தத்தின் ஐம்பதாவது உறுப்பு, விரும்பும் உறுப்பு நாடு வெளியேறலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. நம் பக்கம் 1963-இல் பதினாறாவது திருத்தம் வந்தது. நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் தேர்தலில் நிற்க முடியாது என்றானது. தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டதும் அந்த ஆண்டில்தான்.

ராஜமன்னார் குழுவிலிருந்து, 1974-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய சுயாட்சித் தீர்மானத்திலிருந்து, இன்றைய மேடைப் பேச்சுவரை நாம் கேட்டுவருவது என்ன? மொழிக்குச் சமமான இடம், சிறியவனுக்கும் மறுப்புரிமை, விரும்பி இணைந்திருத்தல். குறைகளோடு என்றாலும், உலகில் இவற்றுக்கு ஓரளவாவது உருவம் கொடுத்த அமைப்பு அது. அதை ஒருவன் உதைத்துவிட்டு வெளியேறும்போது இங்கே உட்கார்ந்து கைதட்டினால், நாம் கேட்பது கூட்டாட்சியா, வெறும் கோபமா?

குறைகள் உண்டு என்பதை மறைக்கவில்லை. 2015 ஜூலை 5 அன்று கிரேக்கர்களில் 61 விழுக்காட்டினர் கடன் நிபந்தனைகளை மறுத்து வாக்களித்தார்கள். சில நாட்களிலேயே அவர்கள் அரசு கடுமையான நிபந்தனைகளுக்குப் பணிந்தது. நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் திணறியிருப்பேன். ஆனால் பிரிட்டன் கிரேக்கம் அன்று. யூரோ நாணயத்திலும் அது சேரவில்லை, ஷெங்கன் ஏற்பாட்டிலும் சேரவில்லை. தன்மானம் என்றாரே, யாருடைய தன்மானம்? மொத்தத்தில் 51.9 விழுக்காட்டினர் வெளியேறச் சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் இருக்கவே வாக்களித்தார்கள், வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர். பெரிய இனத்தின் எண்ணிக்கை சிறிய இனங்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. இந்தக் கதையில் நாம் இங்கிலாந்தா, ஸ்காட்லாந்தா?

இவ்வளவையும் அன்று என் மாணவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அவனுக்குச் சொல்லப்பட்டது வேறு. ஐரோப்பியர் வரவு நின்றால் நம்மவர்க்கு விசா எளிதாகும், கறி உணவகங்களுக்குச் சமையற்காரர்கள் வருவார்கள் என்று பிரீத்தி படேல் போன்றவர்கள் பிரசாரம் செய்தார்கள். அவரே 2020-இல் உள்துறை அமைச்சராக, சம்பள வரம்பும் ஆங்கிலத் தேர்ச்சியும் கேட்கும் புள்ளி முறையை அறிவித்தார். பின்னர் சில ஆண்டுகள் இந்தியர்கள் ஏராளமாகப் போனார்கள் என்பது உண்மை. 2025 ஜூலையில் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து எடுக்கும் வழி மூடப்பட்டது என்பதும் உண்மை. அடுத்த வீட்டுக்காரனுக்கு அடைத்த கதவு நமக்கு மட்டும் திறந்திருக்கும் என்று நம்பியதை அரசியல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சென்ற ஆடியில் குற்றாலச் சாரலுக்கு வந்திருந்தான். புளியரை தாண்டிக் கேரள எல்லைவரை போனோம். சோதனைச் சாவடியில் லாரிகள் நின்றன. தேநீர்க் கடையில் வைத்துத்தான் கேட்டேன், அன்று எதில் போட்டாய் என்று. "வெளியேறலாம்னுதான் சார்" என்றான். "அந்தப் போலந்துக்காரர்?" அவர் 2019-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டாராம். புறப்படும் முன் தன் மேசை விளக்கை இவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். இவன் எப்படி வாக்களித்தான் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.