ஒரு பேருக்கு எத்தனை டயமண்ட்?

பத்தாம் திகதி பின்னேரம் லுணுகலை பஸாரில் என் கடைக்கு முன்னால் நிற்க இடமிருக்காது. தோட்டத்தில் சம்பளம் போட்ட நாள். அரிசி, மா, கருவாடு வாங்கிய கையோடு பொம்பளைகள் போனுக்குக் காசு போட வருவார்கள். கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு பழைய கொம்பியூட்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் சார்ஜர் வயர்கள். எங்கள் பக்கத்தில் இதற்குக் கொமினிகேஷன் என்று பெயர்.

நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது 2024 செப்டம்பரில். அதற்குப் பிறகு வந்த ஒரு பத்தாம் திகதியைச் சொல்கிறேன். தரம் 10 படிக்கிற ஒரு பையன், பொம்பளைகள் எல்லாம் போகும்வரை தூண் ஓரமாக நின்றான். பிறகு வந்து, நான்காக மடித்த தாள்களைப் பெட்டிமேல் வைத்தான். ஐம்பதும் நூறுமாக ஆயிரத்தைந்நூறு.

"முழுசையும் போடுங்கண்ணே."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

போட்டேன். அவன் வீட்டுக்குப் போகவில்லை. கடைப் படியிலேயே குந்தி, கண்ணாடி வெடித்த போனில் விரலை ஓட்டினான். போன் கணக்கிலிருந்த காசு வெட்டுப்பட்டு ஃப்ரீ ஃபயர் என்ற கேமில், அதன் காசான டயமண்ட் 520 ஏறியது. அதை வைத்துக் கேமுக்குள் பரிசுச் சக்கரம் சுற்றினான். ஒரு துப்பாக்கிக்கான மினுக்குத் தோல் விழ வேண்டும் என்பது அவன் ஆசை. தொப்பி விழுந்தது. பேரஷூட் விழுந்தது. இன்னொரு தொப்பி விழுந்தது. பத்து நிமிடத்தில் டயமண்ட் தீர்ந்துவிட்டது.

அடுத்த நாள் காலையில், மலைக்குப் போகிற வழியில், தலையில் கூடைக் கயிற்றோடு அவனுடைய தாய் வந்தார். கோபப்படவில்லை. "என்னா தம்பி, புள்ளைக்கு ஆயிரத்தஞ்ஞூறுக்கு என்னா சாமான் குடுத்தீங்க? வீட்டுல ஒண்ணும் காணமே. சாமான் எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. போனை வாங்கிக் காட்டலாம் என்றால், காட்ட இருந்தது ஒரு தொப்பியின் படம்.

கேமை வாங்கிய பிறகு, அல்லது இலவசமாக இறக்கிய பிறகு, அதற்குமேல் காசு கொடுத்து இறக்குகிற சாமான்களை ஆதரிக்கலாமா கூடாதா என்று பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி வாதம் பண்ணுவார்கள். டீ.எல்.சீ என்று அதற்கு ஒரு பெயர். நானும் இரு பக்கமும் பேசிப் பார்த்திருக்கிறேன். அன்று அந்த அம்மா கேட்ட கேள்வியை விட நல்ல அளவுகோல் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. சாமான் எங்கே?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேம் என் கொம்பியூட்டரிலேயே இருக்கிறது. யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. பிராக் நகரத்து எஸ்.சீ.எஸ் சொப்ட்வெயார் என்ற நிறுவனம் 2012இல் வெளியிட்டது. லொறியை எடுத்து, சரக்கு ஏற்றி, ஐரோப்பாப் பாதைகளில் ஓட்ட வேண்டியதுதான். சுடுவது வெட்டுவது ஒன்றும் கிடையாது. அடிப்படை கேமில் பாதி ஐரோப்பாதான் இருக்கும். மிச்சத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள்: 2015இல் ஸ்கண்டிநேவியா, 2017இல் இத்தாலி, 2021இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும், 2023இல் மேற்கு பால்கன். டோஹாவில் வேலை செய்யும் மச்சானின் கார்ட்டில், விலை குறைத்துப் போட்ட நாளாகப் பார்த்து ஸ்கண்டிநேவியாவை வாங்கினேன். வாங்கிய இரவு நோர்வேயின் கரையோரமாக ஓட்டிப் போனேன். பாலம், சுரங்கம், கப்பலுக்குக் காத்திருக்கும் துறை. அந்த அம்மா கேட்டிருந்தால் கதிரையைத் திருப்பிப் போட்டு, "இந்தா பாருங்க, இதுதான் சாமான்" என்றிருப்பேன்.

பாதை வெட்டுவது என்றால் என்ன வேலை என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்குகிற பாதையில் ஒரு தடவை போய்ப் பார்த்தவருக்கு அது விளங்கும். கொம்பியூட்டருக்குள் வெட்டினாலும் பாதை பாதைதான். யாரோ சிலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வளைவு போட்டிருக்கிறார்கள், மரம் நட்டிருக்கிறார்கள், சந்திக்குச் சந்தி பலகை எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். அந்தக் காசில் அவர்கள் ஜேர்மனி போன்ற பழைய நாடுகளின் பாதைகளையும் திருத்திப் புதிதாகப் போடுகிறார்கள். அது காசு கொடுக்காதவனுக்கும் சும்மா கிடைக்கிறது. இந்த வியாபாரத்தை ஆதரிக்கிறேன், மனசார.

இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு அருகதை உண்டு என்பது வேறு கதை. ஒரு காலத்தில் இதே கடையில் வைஸ் சிட்டி கேமைத் தட்டில் கொப்பி பண்ணி விற்றவன் நான். எழுதியவனுக்கு ஒரு சதம் போகவில்லை. அன்றைக்கு அது களவு என்று இங்கே யாருக்கும் தோன்றியதுமில்லை.

எஸ்.சீ.எஸ்காரர்கள் லொறிக்கு அடிக்கும் சாயத்தையும் தனியாக விற்கிறார்கள். நான் வாங்கமாட்டேன், வாங்குகிறவனைக் குறை சொல்லவும் மாட்டேன். இன்ன சாயம், இவ்வளவு விலை என்று போட்டிருக்கிறது. காசு கொடுத்தால் அந்தச் சாயம் வரும். 2006இல் ஒப்ளிவியன் கேமில் குதிரைக்கு ஒரு கவசம் செய்து இரண்டரை டொலருக்கு விற்றபோது உலகமே கேலி பண்ணியது. இன்றைக்கு யோசித்தால் அது நாணயமான வியாபாரம். கவசம் கேட்டவனுக்குக் கவசமே கிடைத்தது.

அந்தப் பையனுக்கு நடந்தது அப்படியல்ல. முதலில் ரூபாய் டயமண்டாக மாறுகிறது. மாறிய நிமிடமே விலை மறந்துபோகும். 520 டயமண்ட் என்பது ஏறக்குறைய ஐந்து டொலர், நம் காசில் ஆயிரத்தைந்நூறு பக்கம். அப்போது மலையில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் வேலை, விழுந்தால் 1,350. அதுவும் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான். "ஒரு பேருக்கு மேல இதுக்குப் போகுதுடா" என்று சொன்னால் அவனுக்கு உறைக்கும். திரையில் அப்படி எழுதியிருக்காது. விரும்பிய பொருளுக்குத் தேவையான டயமண்டும், விற்கிற பொதியில் இருக்கிற டயமண்டும் பெரும்பாலும் பொருந்தாது. கொஞ்சம் குறையும், அல்லது செலவழிக்க முடியாத ஒரு மிச்சம் தொங்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ வெட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை.

அடுத்தது சக்கரம். லக் ரோயல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். கடையில் சட்டை கேட்டுக் காசு கொடுத்தால், முதலாளி கண்ணைப் பொத்திக்கொண்டு கைக்கு வந்ததைத் தருவாரா? 2017இல் ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 என்ற கேமில் இதே மாதிரிக் குருட்டுப் பெட்டிகளை வைத்து விற்கப்போய், ஏற்கனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, காசுக்கு விற்கும் இப்படிப்பட்ட பெட்டிகள் சூதுதான் என்று சொல்லிவிட்டது. அதற்கு மேலே, ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கித் தோல் வெறும் அலங்காரமும் இல்லை. சில தோல்கள் சூட்டின் பலத்தையே கூட்டும். காசில்லாதவன் சும்மா விளையாடலாம், காசுள்ளவனிடம் செத்துக்கொண்டு.

"உங்களுக்கென்ன, ரீலோட் கமிஷன் வருதே" என்பீர்கள். வருகிறது. சில்லறைக் காசுதான், ஆனாலும் வருகிறது.

அந்தப் பையனை முட்டாள் என்று எழுத எனக்கு மனமில்லை. இவ்வளவும் அவனுக்கும் தெரியும். தோலில்லாமல் ஆட்டத்துக்குள் போனால் கூட்டாளிகள் பழசு, பிச்சை என்று நக்கலடிப்பார்களாம். தீபாவளிக்குத் தோட்டத்தில் முற்பணம் எடுத்துப் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, பல மாதம் சம்பளத்தில் வெட்டு வாங்குகிற வீடுகள் எங்கள் வீடுகள். அந்தச் சட்டையும் ஊருக்கு முன்னால் தலை குனியாமல் நிற்கத்தான். அவன் தேடியதும் அப்படி ஒரு சட்டையைத்தான். சட்டை ஆசையை வைத்துச் சக்கரம் சுற்றுகிறவனிடம்தான் எனக்குக் கணக்கு இருக்கிறது.

இந்தப் போன்கள் லயத்து வீடுகளுக்குள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் காட்டுக்குள் மலையுச்சியில் இருந்த ஒரு மரவீட்டில் ஏறிப் பாடம் இறக்கினார்கள். முப்பதடி உயரம், அங்கேதான் சிக்னல். முறை வைத்து ஒவ்வொருவராக. அந்தச் செய்தியும் படமும் வெளிநாடுகள் வரை போயின. தோட்டை அடகு வைத்தும் கடன்பட்டும் தாய்மார் போன் வாங்கியது அந்தப் பாடத்துக்காக. பள்ளிக்கூடம் திறந்தது, போன் வீட்டிலேயே தங்கிவிட்டது. டயமண்ட் வந்தது அதே போனில்.

ஆகவே பெரிய சட்டம் வருவதற்கு முன்னால் சின்ன வேலைகள் இருக்கின்றன. போன் கணக்கிலிருந்து கேமுக்குக் காசு வெட்டுகிற வசதி, கேட்டால் மட்டும் திறக்கிற கதவாக இருக்க வேண்டும். டயமண்டுக்குப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கும் எந்நேரமும் தெரிய வேண்டும். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி செய்துவைக்கலாம். தாய்மார் போனைத் தந்தால் நான் செய்து கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. பாஸ்வேர்டை மட்டும் பிள்ளைக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை அந்த ஒன்றில்தான் எல்லோரும் தோற்றிருக்கிறார்கள்.

அந்தப் பையன் பிறகும் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். கொஞ்ச நாளில் கேம் மாறியது. இப்போது பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனத்தின் கேம். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊர் வண்டியைச் செய்து அதற்குள் ஏற்றலாம். நம் நாட்டுப் பையன்கள் லேலண்ட் பஸ்ஸை அப்படியே செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். இவன் அந்த பஸ்ஸுக்குப் போனிலேயே சாயம் அடிக்கப் பழகிவிட்டான். "லுணுகலை – கொழும்பு" என்று பலகை, கண்ணாடியில் முருகன், பின்னால் ஒரு காதல் வசனம்.

வட்ஸ்அப்பில் அதைப் பார்த்த பிபிலைக்காரர் ஒருவர், தன் தம்பியின் வேனைப் போலவும் ஒன்று அடித்துத் தரச் சொன்னாராம். என்னிடம் வந்து கேட்டான்.

"எவ்வளவு கேக்கலாம்ணே?"

"எத்தனை நாள் ஆச்சு?"

"மூணு ராத்திரி."

"அரைப்பேராவது கேளுடா."

கேட்கக் கூச்சப்பட்டு இருநூறு ரூபாய் ரீலோட் வாங்கியிருக்கிறான். அதில் டயமண்ட் போட்டாயா என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் காட்டினாயா என்று கேட்டேன்.

"காட்டினேன்ணே. நல்லாருக்குன்னாங்க. ஆனா பஸ்ஸுக்குப் பின்னால ஏணி இல்லையே, மூட்டைய எப்பிடி ஏத்துவேன்னு கேட்டாங்க."

ஏணி சாயத்தில் வராது, வண்டியையே திரும்பச் செய்ய வேண்டும். அதற்கு ப்ளெண்டர் என்ற சொப்ட்வெயார் வேண்டுமாம். அது இலவசம். போன ஞாயிற்றுக்கிழமை என் கொம்பியூட்டரில் இறக்கிக் கொடுத்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமும் அதே படியில்தான் குந்தியிருந்தான், பஸ்டாண்டில் நிற்கிற பழைய லேலண்டின் பின்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு.