முகப்போடு நில் என்கிறான்

இணையத்தில் எழுதினால் அழியாது என்கிறவனைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கிட்டு வருகிறது. சாதாரண சனங்கள் கட்டிய ஜியோசிட்டீஸ் பக்கங்களை யாஹூ 2009ல் இழுத்து மூடியது. தன்னார்வலர்கள் படியெடுத்ததுதான் மிச்சம்.

இப்போது வேறு தந்திரம். சனங்கள் கூலியில்லாமல் எழுதிக் குவித்ததை ரெடிட் 2024ல் கூகுளுக்கு விலைபேசிக் கொடுத்தது. 1996 முதல் வலைப்பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்தை 2025ல் தடுத்தது: முகப்போடு நில், உள்ளே வராதே. (நாம் கேட்டுப் பழகிய குரல்தான்.) செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் அந்த வழியா ஓசியில் அள்ளுதாம். அதாவது, காசு தந்தா அள்ளலாம். நாளைக்குப் படிக்கக் காப்பாத்தி வெச்சாத்தான் குத்தம்.

1907ல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் அயோத்திதாசர் எழுதியவை பெருந்தொகுப்பாக வர 1999 ஆச்சு. பழைய இதழ்களைப் பொத்திவெச்சது நம்ம சனம், எந்த முதலாளியும் இல்ல. அவன் சர்வரில் கிடக்கிற நம்ம எழுத்துக்கு அவன் எதுக்குக் காவல் இருக்கப்போறான்?