விளையாட்டுக் கருவிகளும் வீட்டுக் கல்வியும்

குழந்தைக்கு விளையாட்டே தொழில். கையில் கிடைத்த பொருளைத் தட்டிப் பார்ப்பதும், உருட்டிப் பார்ப்பதும், பிரித்துப் பார்ப்பதும் அதற்கு ஆராய்ச்சியாகும். “ஏன் உடைத்தாய்?” என்று பெரியோர் சினந்து கேட்கின்றனர். உள்ளே இருப்பது யாது என்று அறியவே அது உடைத்தது என்பதைப் பலர் உணர்வதில்லை. உணர்ந்த சிலரே குழந்தைகளுக்கு ஏற்ற கருவிகளை ஆக்கித் தந்தனர்.

செருமானிய அறிஞர் பிரோபெல் 1837ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கினார். கம்பளி நூற்பந்து, மர உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய எளிய பொருள்களே அங்குப் பாடநூல்களாய் அமைந்தன. இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோம் நகரத்து ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ கண்டார். அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று பத்துக் குழிகள் உள்ள மரக்கட்டை. அக்குழிகளில் பொருந்தும் உருளைகளும் பத்தே. ஒன்றை இடம் மாற்றி வைத்தால், இறுதியில் ஓர் உருளை எக்குழியிலும் பொருந்தாமல் எஞ்சி நிற்கும். “நீ செய்தது தவறு” என்று ஆசிரியர் கூற வேண்டுவதில்லை. கட்டையே கூறிவிடும். தன் தவற்றைத் தானே கண்டு தானே திருத்தும் குழந்தை பெறும் மகிழ்ச்சிக்கு ஈடு உண்டோ?

இக்காலத்தில் மின்கருவிகள் பல வந்துள்ளன. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, வீடே வகுப்பறையாயிற்று. கல்வி தரும் பொம்மைகளைப் பெற்றோர் நாடுதல் இயல்பே. ஆயின், அவற்றுள் பல எத்தகையன? பொத்தானை அழுத்தினால் பொம்மை பாடுகிறது, எண்களை எண்ணுகிறது, “மிக நன்று!” என்று புகழவும் செய்கிறது. பாடியதும் அது, எண்ணியதும் அது. குழந்தை செய்ததோ விரலால் அழுத்தியது ஒன்றே. உழைப்பெல்லாம் பொம்மைக்கும் புகழெல்லாம் குழந்தைக்கும் ஆனால், அது கல்வி ஆகுமா?

மின்கருவி என்பதனாலேயே ஒன்றை வெறுப்பதும் அறிவுடைமை ஆகாது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பேப்பர்ட்டும் அவர் துணைவரும் ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியைக் குழந்தைகளுக்கென ஆக்கினர். பின்னர், அம்மொழிக்குக் கீழ்ப்படிந்து கோடு வரையும் ஆமை ஒன்றும் வந்தது. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கற்ற சிறுவன், ‘நூறு அடி வைத்து 60 பாகை திரும்புக’ என்று மும்முறை ஆணையிடுகிறான். ஆமை செல்கிறது; முக்கோணம் கூடவில்லை. ஆறு முறை ஆணையிட்டால் அறுகோணமே வருகிறது. சிறுவன் தானே எழுந்து ஆமைபோல் நடந்து பார்க்கிறான். திரும்ப வேண்டியது 120 பாகை என்பது விளங்குகிறது. மரக்கட்டை செய்த பணியையே மின்ஆமையும் செய்தது அன்றோ?

ஆகவே, மரமா மின்சாரமா என்பது வினா அன்று. விலையும் அளவுகோல் அன்று. தீக்குச்சிகளையும் மிதிவண்டி வால்வுக் குழாய்த் துண்டுகளையும் கொண்டு வடிவங்கள் அமைக்கக் கற்பித்தவர் அரவிந்த் குப்தா. 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தீக்குச்சிச் சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணமோ அசையாமல் நிற்கும். பாலங்களிலும் மின்கோபுரங்களிலும் முக்கோணங்கள் நிறைந்திருப்பதன் காரணம் சில காசுச் செலவில் விளங்கிவிடுகிறது. நம் பல்லாங்குழியின் 14 குழிகளும் புளியங்கொட்டைகளும் எண்ணவும் முன்னறிந்து ஆடவும் பழக்கும் பள்ளியே.

கருவியைத் தேர்வோர் காவலையும் மறத்தல் ஆகாது. இணையத்தோடு தொடர்புடைய ‘கெய்லா’ என்னும் பேசும் பொம்மையைச் செருமானிய அரசு 2017ஆம் ஆண்டில் தடை செய்தது. அதன் வழியே அயலார் குழந்தையின் பேச்சைக் கேட்கக்கூடும் என்பதே காரணம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டா என்றும், ஐந்து வயது நிரம்பும் வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படல் ஆகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

தம்பி தங்கையர்க்கு விளையாட்டுப் பொருள் வாங்கப் பெற்றோருடன் கடைக்குச் செல்லும் மாணவர், பெட்டியின் மேலுள்ள பெருமைமொழிகளைப் படித்து மயங்குதல் வேண்டா. “இதில் குழந்தை செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று வினவுதல் வேண்டும். வாங்கியபின் அருகில் அமர்ந்து உடன் விளையாடுதலும் வேண்டும். குழந்தையின் “ஏன்?” என்னும் வினாவிற்குச் செவி சாய்க்கும் அன்பைக் கடையில் வாங்க இயலாது.