நாய்க்குட்டியின் மூளையும் நமது அவசரமும்

கண் திறந்ததும் நாய்க்குட்டியைத் தாயினின்றும் பிரித்துக் கொணர்தல் நம்மவருட் பலர்க்கு வழக்கம். "சிறிதிலே கொணர்ந்தாற்றான் நம்மோடு ஒட்டும்" என்பது அவர் கூறும் நியாயம். இது பாதி உண்மையும் பாதி பிழையுமாம் என்பதே நம் கருத்து.

மூளையிலே நுண்ணிய மின்சார அலைகள் இடையறாது எழுகின்றன. நாயின் மூளையலைகளைப் படமாகப் பதித்து 1913-ம் வருஷம் முதன்முதல் வெளியிட்டவர் கீவ் நகரத்துப் பிரவ்திச்-நெமின்ஸ்கி என்பார். ஜெர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் மனிதரின் அலைகளை 1929-ல் வெளியிட்டார். பின்வந்த சாஸ்திரிகள் குட்டிகளையும் ஆராயலாயினர். பிறந்த குட்டிக்குக் கண்ணுஞ் செவியும் மூடியிருப்பதுபோலவே, மூளையலைகளும் மிகத் தாழ்ந்திருக்கின்றன. அது உறங்குகிறதோ விழித்திருக்கிறதோ என்று அவற்றைக்கொண்டு பகுத்தறிதல் அரிது. ஏறக்குறைய 3-ம் வாரத்திலேதான் அவ்வேற்றுமை தெளிவாகிறது. 8-ம் வாரமளவில் அவ்வலைகள் வளர்ந்த நாயின் அலைகளைப் பெரிதும் ஒத்து வருகின்றன. ஆகவே, கண் திறந்த குட்டியைச் சிறிய நாயென்று கொள்ளலாகாது. அது இன்னும் கட்டி முடியாத வீடு.

"தாமதித்தாற் பழகாதே" எனின், அதுவும் மெய்யே. அமெரிக்காவிலே பார் ஹார்பர் என்னும் ஊரில் நடந்து 1961-ல் வெளிவந்த பரிசோதனையில், 14 வாரம் வரை மனிதரோடு பழகாது வளர்ந்த குட்டிகள் பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சி ஒதுங்கின. ஆயின், பழக்குதல் வேறு. தாயைப் பிரித்தல் வேறு. 3-ம் வாரந்தொட்டு நாடோறும் சென்று, குட்டியைக் கையிலெடுத்துத் தடவிக் கொடுத்து வருதற்குத் தடை யாது? எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடியன்றோ கற்கிறது! 8 வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாதென்று நம் நாட்டில் 2017-ம் வருஷத்து விதிகள் கூறுவதும் இதற்கு இசைந்ததே.

இன்னுமொன்று. ஆறு வாரக் குட்டி தரையை நனைத்ததென்று அதனைக் கோலால் அடிப்பாரைக் கண்டிருக்கிறோம். தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் வந்தெய்தாத உயிரை அடித்து என்ன பயன்? அது கற்பது அச்சம் ஒன்றே. அவ்வச்சமே நாளை கடியாக மாறும். அப்போது "பொல்லாத நாய்" என்று அதனைத் தெருவில் விடுவோரும் அவரே.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், குட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கும் தம்பி தங்கையரை வைய வேண்டா. தாயிருக்கும் இடத்திற்கே அவர்களை நாடோறும் அழைத்துச் செல்வாராக. குட்டியும் பழகும், பிள்ளைகளும் பொறுமை பழகுவர்.