பொம்மை பொம்மையாகவே இருக்கட்டும்

திரைப்படத்தைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். கணிப்பொறியைப் பற்றி எழுதலாம் என்றால், அதன் வயிற்றில் பிறந்த படங்களைப் பற்றியும் எழுதலாம் என்பது எங்கள் துணிபு. கையால் வரையாமல் முழுக்க முழுக்கக் கணிப்பொறியிலேயே ஆக்கப்படும் முழுநீளச் சித்திரப் படங்கள் இன்று வீட்டுக்கு வீடு ஓடுகின்றன. தம்பி தங்கையர் சோறு உண்பதே அவற்றின் துணையோடுதான்! அவற்றுள் சில உலகையே வென்றன. சில பெரும்பொருளை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டன. காரணம் கேட்டால், "பணம், கருவி" என்று பலரும் இரண்டே சொற்களில் முடித்துவிடுகின்றனர். அது விடையன்று என்பதே நாங்கள் கூறவந்தது.

முதற்படத்திலிருந்தே தொடங்குவோம். 1995 நவம்பரில் வெளிவந்த 'டாய் ஸ்டோரி'தான் முழுவதும் கணிப்பொறியில் செய்யப்பெற்ற முதல் முழுநீளப் படம். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் ஆக்க, ஜான் லாசெட்டர் இயக்கினார். அந்நாளையக் கணிப்பொறிக்கு மனிதத் தோலும் தலைமயிரும் சரியாக வரவில்லை. எதைச் செய்தாலும் பிளாஸ்டிக்கைப் போலப் பளபளத்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? பொம்மைகளையே கதாநாயகர்கள் ஆக்கிவிட்டார்கள்! பளபளப்பு குறையாகத் தெரியாமல் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். 1993-இல், பாதி வேலையில், படத்தைப் பார்த்த டிஸ்னி நிறுவனத்தார் கதாநாயகப் பொம்மை கொஞ்சமும் இரக்கமில்லாததாக இருக்கிறதென்று வேலையையே நிறுத்திவைத்தனர். கோளாறு கதையில் இருந்தது. அதைத் திருத்தி எழுதிய பின்னரே படம் மேலே நகர்ந்தது.

இதற்கு நேர்மாறாக 2001-இல் ஒரு படம் வந்தது: 'ஃபைனல் ஃபேன்டஸி'. மெய்யான மனிதரை அப்படியே கணிப்பொறியில் படைத்துவிடுவோம் என்று புறப்பட்டு, 13 கோடி டாலருக்குமேல் செலவிட்டனர். கதாநாயகியின் தலைக்கு மட்டும் 60,000 மயிரிழைகள். (அவ்வளவு பொறுமை நமக்கிருந்தால் இரட்டைச் சடை பின்ன அம்மாவை எழுப்பவேண்டியதில்லை.) வந்த வசூலோ சுமார் எட்டரைக் கோடி டாலர்தான். படமெடுத்த நிறுவனமே மூடப்பட்டது.

ஏன் இப்படி? மசாஹிரோ மோரி என்னும் ஜப்பானிய அறிஞர் 1970-ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை எழுதிவைத்திருக்கிறார். எந்திர மனிதன் மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் அன்பு வளருகிறதாம். ஆனால் ஏறத்தாழ மனிதனாகவே ஆகிவிடும் கட்டத்தில் திடீரென்று அச்சமும் அருவருப்பும் தோன்றுகின்றனவாம். இதை உணர ஜப்பான் வரை செல்ல வேண்டியதில்லை. நம் கரிசல் காட்டில் சோளக்கதிரைக் காக்க நிற்கும் பொம்மைக்குக் கவிழ்த்த மண்சட்டிதான் தலை. சுண்ணாம்புப் புள்ளிகள்தாம் கண்கள். அதைக் கண்டு எந்தக் குழந்தையும் அழுவதில்லை. அதன் கழுத்தில் உண்மை மனிதமுகத்தைப் போலவே ஒரு முகத்தை மாட்டிவைத்துப் பாருங்கள். பெரியவர்களே அந்திவேளையில் அப்பக்கம் போகமாட்டார்கள்.

தோற்பாவைக் கூத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கொளியில், வெள்ளைத் துணிக்குப் பின்னால், ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய சீதை. கண் இமைக்காது, உதடு அசையாது. ஆயினும் அவளை இராவணன் கவர்ந்து செல்லும்போது பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் அன்றோ! துணிக்குப் பின்னாலிருந்து ஒருவர் குரலை மாற்றிமாற்றிக் கதை சொன்னார். மிச்சத்தைப் பார்ப்பவர் மனமே வரைந்துகொண்டது. 2009-இல் வெளிவந்த 'அப்' என்னும் படத்தில் வரும் கிழவருக்குச் சதுரத் தலை. அவரும் அவர் மனைவியும் இளமை முதல் முதுமை வரை வாழ்ந்த வாழ்வைப் பேச்சே இல்லாமல் சில நிமிடங்களில் காட்டுவார்கள். அழாமல் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் இல்லை.

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். தமிழர்களுக்குக் கருவி வாய்க்கவில்லை என்று எவரும் சொல்லமுடியாது. நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர் அசைவைப் பதிந்து, அதைக் கணிப்பொறிப் பொம்மைக்கு ஏற்றுவது 'மோஷன் கேப்சர்' என்னும் முறை. படம் முழுவதையும் அம்முறையிலேயே எடுத்த முதற்படம் எனப்படும் 'சிந்துபாத்', 2000-இல் சென்னைப் பென்டாமீடியா நிறுவனத்தின் பங்கோடு வெளிவந்ததுதான். அதே நிறுவனத்தின் 'பாண்டவாஸ்' தேசிய விருதே பெற்றது. 2007-இல் இளையராஜாவின் இசையோடு 'இனிமே நாங்கதான்' வந்தது. தெருவில் நிற்கும் பத்துப்பேரைக் கேளுங்கள், இவற்றில் ஒன்றையாவது பார்த்தீர்களா என்று!

பத்துப்பேரும் அறிந்த படம் 'கோச்சடையான்'. 2014 மே மாதம் வெளிவந்தது. ரஜினிகாந்த் நாயகர், அவர் மகள் சௌந்தர்யா இயக்குநர், ஏ.ஆர்.ரகுமான் இசை. வந்தபோது எங்களில் பலர் மடிக்குழந்தைகள். பின்னர் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். போர்க்களமும் மாளிகைகளும் நன்றாகவே இருக்கின்றன. முகங்கள்தாம் மரத்துக் கிடக்கின்றன. ரஜினிகாந்தின் புருவம் எந்த வசனத்துக்கு எப்படி உயரும் என்பதைத் தமிழ்நாட்டில் அறியாத குழந்தை உண்டோ? உலகத்திலேயே நமக்கு மிகமிகப் பழகிய முகத்தை எடுத்துக் கணிப்பொறியில் செய்தால், மயிரிழை பிசகினாலும் கோடிக்கண்கள் கண்டுபிடித்துவிடும். 2009-இல் மறைந்த நாகேஷையும் அப்படத்தில் உயிர்ப்பித்திருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ரப்பர் போல் வளைந்த அந்த மனிதரை விறைப்பாகக் காண எங்களுக்கு மனம் வலித்தது. எதிர்பார்த்த வெற்றி படத்துக்குக் கிட்டவில்லை. ஆயினும் ஓர் இளம்பெண் யாரும் போகாத வழியில் துணிந்து போனாள் என்பதை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலையில், அசுவின் குமார் இயக்கிய 'மகாவதார் நரசிம்மா' வந்தது. அதிலும் மனித முகங்களில் விறைப்பு உண்டு. ஆயினும் 300 கோடி ரூபாய்க்குமேல் வசூலித்து, இந்தியச் சித்திரப் படங்களில் அதுவரை காணாத வெற்றி பெற்றது. பக்தியே காரணம் என்பர் சிலர். பக்தி உண்டு, ஆனால் பக்திப் படங்கள் எத்தனையோ வந்து போயின. நரசிம்மரின் முகம் எப்படியிருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. ஆதலால் ஒப்பிட்டுக் குறை சொல்ல வழியில்லை. தந்தைக்கு அஞ்சாத சிறுவனின் கதையோ எல்லாரும் அறிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கொரியர்கள் எடுத்த 'த கிங் ஆஃப் கிங்ஸ்' அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடி டாலர் ஈட்டியது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் பிள்ளைகளுக்காக எழுதி, 1934-இல் அச்சேறிய இயேசு வரலாறே அதற்கு மூலம். அடம்பிடிக்கும் மகனுக்குத் தகப்பன் கதை சொல்லுகிறார். மகன் கதைக்குள்ளேயே போய்விடுகிறான். மறைக்கல்வி வகுப்பில் நாமும் அப்படிப் போனதுண்டு.

வசூல் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளவும் நாங்கள் விரும்பவில்லை. 2019-இல் வந்த 'லயன் கிங்' 160 கோடி டாலருக்குமேல் குவித்தது. மெய்ச்சிங்கம் போலவே செய்த அச்சிங்கங்களுக்கு அழவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை. எங்கள் கணக்கில் அது தோல்விதான்.

லாட்வியா என்றொரு சின்னஞ்சிறு நாடு. மக்கள்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. அந்நாட்டு இளைஞர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் 2024-இல் 'ஃப்ளோ' என்ற படத்தைத் தந்தார். வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் ஒரு படகில் செல்கின்றன. படம் முழுவதும் ஒரு வார்த்தை பேச்சில்லை. பூனையின் உடலில் மயிரிழைகளை எண்ணி ஒட்டவில்லை. தூரிகையால் தீட்டியதுபோல் விட்டுவிட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, நம் மாவட்டம் தண்ணீரில் மிதந்ததைக் கண்ட நமக்கு, அப்பூனையின் பயத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை. அப்படத்தை ஆக்கிய 'பிளெண்டர்' என்னும் மென்பொருள், யார் வேண்டுமானாலும் காசின்றி எடுத்துக்கொள்ளக்கூடியது. அப்படம் 2025-இல் ஆஸ்கார் விருது பெற்றது.

காசில்லாக் கருவி கோவில்பட்டிக்கும் உண்டு. படம் எழுதும் கை இவ்வூருக்குப் புதிதன்று. நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை தீட்டிய கொண்டையராஜு (1898–1976) இங்கே தங்கி எழுதிய தெய்வப் படங்கள், சிவகாசியில் காலண்டர்களாக அச்சேறி இந்தியா முழுவதும் சுவரேறின. கதைக்கும் பஞ்சமில்லை. பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன் (1923–2021) ஊரூராய்த் தேடித் திரட்டிய நாட்டுப்புறக் கதைகள் தடித்தடிப் புத்தகங்களாக நம் நூலகங்களில் இருக்கின்றன.

"படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். மேற்சொன்ன 'பாண்டவாஸ்' படத்தை இயக்கியவர் உஷா கணேசராஜா என்னும் பெண்மணி. 100 கோடி டாலருக்குமேல் ஈட்டிய 'ஃப்ரோஸன்' (2013) படத்துக்குக் கதைவசனம் எழுதி இணைந்து இயக்கியவர் ஜெனிஃபர் லீ. 2022-இல் பிக்ஸாரின் 'டர்னிங் ரெட்' படத்தை டோமி ஷீ தனியொருத்தியாக இயக்கினார். நம் பெற்றோர் இப்பெயர்களைக் கேள்விப்படவில்லை. ஆகவே இங்கே எழுதிவைக்கிறோம்.

எங்களிடம் ஒரு கதை இருக்கிறது. மழை பொய்த்த காலத்தில் கரிசல் கிராமங்களில் வைக்கோலால் ஓர் உருவம் செய்து, கொடும்பாவி என்று பேர்வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப்போய், ஒப்பாரி வைத்து, ஊரெல்லையில் எரிப்பார்கள். எரிப்பதற்கு முன்னிரவில் அந்த வைக்கோல் பொம்மை கண்விழித்து, "நான் என்ன பாவம் செய்தேன்?" என்று கேட்டால்? அதற்கு மெய்யான முகம் வேண்டாம். கரியால் இட்ட இரண்டு கோடுகள் போதும். மழைச்சோறு வாங்கப் போன சிறுமி ஒருத்தி அக்கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். அதுவரை எல்லாரும் ஒத்துக்கொண்டோம். முடிவில் மழை பெய்ய வேண்டும் என்கிறார்கள் பாதிப்பேர். பெய்தால் பொம்மை கரைந்துபோகுமே என்கிறார்கள் மீதிப்பேர். மதிய உணவு வேளையில் சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.