மலையும் தசையும்: ஒரு பொய்ப் புகழுரைக்கு மறுப்பு

மலையகப் பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்குப் பிரதம விருந்தினராக வருவோர் வழக்கமாகக் கூறும் புகழுரை ஒன்றுண்டு. "நீங்கள் மலையின் பிள்ளைகள், நாள்தோறும் ஏறியிறங்கும் உங்கள் கால்களுக்கு வேறு பயிற்சி எதற்கு? கூடை சுமந்த தாயின் வலிமை உங்கள் இரத்தத்தில் ஓடுகிறது" என்பர். கூட்டம் கைதட்டும். இறுதியில் முத்தையா முரளிதரனின் பெயரைச் சொல்வர், கைதட்டல் இரட்டிக்கும். செவிக்கு இனிய இவ்வுரை உண்மைக்குப் புறம்பானது. அதனினும் மேலாக, தீங்கு விளைப்பது. வலிமை பிறப்பிலேயே வாய்த்துவிட்டது என்று நம்பச் செய்துவிட்டால், அதனை உண்டாக்கும் பொறுப்பிலிருந்து பாடசாலையும் தோட்ட நிருவாகமும் அரசும் ஒருங்கே விடுபட்டுவிடலாம் அன்றோ?

விளையாட்டு விஞ்ஞானத்தின் அரிச்சுவடி யாதெனில், சுமை தசையை வளர்ப்பதில்லை என்பதாகும். சுமை தருவது தூண்டுதல் மட்டுமே. அதன்பின் வரும் உணவும் உறக்கமும் ஓய்வுமே தசையை வளர்க்கின்றன. ஆகவே பயிற்றுநர் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார், இடையிடையே குறைப்பார், ஒரே அசைவை நாள் முழுதும் செய்ய விடார். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாளை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலைப் பிரட்டு முதல் மாலை நிறுவை வரை அதே விரல்கள், அதே தோள், அதே முன்குனிவு. சுமையின் கயிறு தலையை இழுக்கக் கழுத்து அதனைத் தாங்குகிறது. நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கின்றன. இதனைப் பயிற்சி என்பது செக்குமாட்டை ஓட்ட வீரர் என்பதற்கு ஒப்பாகும்.

பேஸ்போல் ஆட்டத்தைக் கண்ணால் கண்டிராத எம்மவர்க்கும் அவ்வாட்டத்திலிருந்து ஒரு செய்தி பயன்படும். 1974இல் டொமி ஜோன் என்னும் அமெரிக்கப் பந்தெறி வீரரின் முழங்கையில் அறுந்துபோன இணையத்துக்குப் பதிலாக, அவருடைய மறுகையிலிருந்து எடுத்த தசைநாணை வைத்துத் தைத்தார் பிராங்க் ஜோப் என்னும் மருத்துவர். 1976இல் களம் திரும்பிய அவ்வீரர் 1989 வரை ஆடினார். எறியும் கை தேய்ந்துபோகும் பொருள் என்பதை அத்தொழில் நன்கு உணர்ந்துகொண்டது. இன்று அங்கே ஒவ்வோர் எறிதலும் எண்ணப்படுகின்றது. சிறுவர் ஆட்டத்திலும் 2007 முதல் எண்ணிக்கை வரம்பு உண்டு: பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருநாளில் 85 பந்துகளுக்கு மேல் எறியலாகாது, எறிந்த தொகைக்கு ஏற்ப ஓய்வு நாள்களும் விதிக்கப்பட்டுள்ளன.

எமது தோட்டங்களிலும் எண் உண்டு. நாளுக்கு இத்தனை கிலோ என்னும் 'நோர்ம்' தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 என்பர், 20 என்பர். எட்டாதவர்க்கு அரைப்பேர். அங்கே ஒரு தோளை நிறுத்துவதற்காக எண்ணுகிறார்கள். இங்கே நிற்க விடாதிருப்பதற்காக எண்ணுகிறார்கள்.

இனி முரளிதரனுக்கு வருவோம். அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் என்பது மெய். ஆனால் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தயாரிப்பாளராக விளங்கியவர். மகன் கற்றது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். உணவும் ஆடுகளமும் தேர்ந்த பயிற்றுநரும் அவருக்கு வாய்த்தன. மலைச்சரிவு அவரை உருவாக்கிற்று என்பது கட்டுக்கதை. அவருடைய வாழ்விலிருந்து நாம் கற்கத்தக்கது வேறொன்று உண்டு. 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்ண் மைதானத்தில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துவீச்சை எறிதல் எனத் தீர்த்தபோது, கண்ணின் சாட்சிக்கு எதிராக அளவுக்கருவியின் சாட்சி கொணரப்பட்டது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவருடைய கையின் அசைவு அளக்கப்பட்டது. பிறப்பிலேயே முழுமையாக நிமிராத முழங்கையும் வழக்கத்துக்கு மாறாகச் சுழலும் மணிக்கட்டும் எறிதல் போன்ற தோற்றத்தைத் தருகின்றன என்பது புலனாயிற்று. பின்னர் ஏனைய பந்துவீச்சாளரையும் அளந்தபோது, ஏறத்தாழ அனைவருமே முழங்கையைச் சிறிதளவு நிமிர்த்துகின்றனர் என்பது தெரியவந்தது. 2005இல் எல்லார்க்கும் பொதுவாக 15 பாகை என்னும் வரம்பு வந்தது. ஒரு தமிழனின் முழங்கையால் எழுந்த வழக்கு ஓர் உலக விளையாட்டின் சட்டத்தையே திருத்திற்று. 2004இல் அதே வீரருக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் மீள்பயிற்சி, அடுத்த ஆண்டு மீண்டும் களம். டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் 44,039 பந்துகளை வீசி 800 விக்கெட்டுகளை வீழ்த்திய தோள் அது. கொழுந்துக்காரியின் தோள் நோவுக்கு நாம் அறிந்த மருந்து தைலம்.

'இயற்கை வலிமை'க் கட்சியினர் இங்கு இந்தியாவின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோரை எடுத்துக்காட்டலாம். பேஸ்போல் பந்தையே தொட்டறியாத இவ்விளைஞர் இருவரும் 2008இல் ஒரு தேர்வுப் போட்டியில் கண்டெடுக்கப்பட்டு அமெரிக்கத் தொழில்முறை அணியொன்றில் ஒப்பந்தமாயினர். ஆயின் இருவரும் லக்னோவின் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டியெறிதல் பயின்றவர்கள். அமெரிக்காவிலும் டொம் ஹவுஸ் என்னும் பயிற்றுநர் மாதக்கணக்கில் பழக்கிய பின்னரே ஒப்பந்தம் கிடைத்தது. வெறுங்கை எங்கும் விலைபோனதில்லை.

உயரத்தைப் பற்றிய வாதமும் இத்தகையதே. 1968இல் மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில் கென்யாவின் மலைநாட்டு ஓட்டவீரர்கள் வென்றதன் பின், உயர்நிலத்தில் வாழ்தலே பாதி வெற்றி என்னும் எண்ணம் பரவிற்று. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் உள்ளது. ஹற்றன் 1,200 மீற்றருக்கு மேல். கென்யாவிலும் தேயிலை மலைகள் உண்டு. அந்நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை 1964இல் வென்ற வில்சன் கிப்ருகுட், தேயிலை விளையும் கெரிச்சோவைச் சேர்ந்தவரே. அவ்வாறாயின் எமது மலையில் ஏன் அவ்வாறு நிகழவில்லை? காற்றில் உயிர்வாயு குன்றிய இடத்தில் உடல் செங்குழியங்களைப் பெருக்குகிறது. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். எமது பிள்ளையின் காலையுணவோ பெரும்பாலும் கோதுமை ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீருமாகும். தாவர உணவிலுள்ள சிறிதளவு இரும்பையும் உடல் ஏற்கவிடாமல் தடுப்பது, உணவோடு அருந்தும் தேநீரின் துவர்ப்பொருளே. உலகுக்குத் தேயிலை தந்தோம் என்று பெருமை பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுதல் நன்று. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 வீதம். மூன்றில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றிய இடத்தில் நின்றுகொண்டு, "மலையே உங்கள் பயிற்றுநர்" என்று பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

"ஊதியமே போதாத இடத்தில் விளையாட்டு விஞ்ஞானம் என்ன ஆடம்பரம்?" என்று தொழிற்சங்க நண்பர்கள் கேட்பர். தேர்தல் காலத்தில் கரப்பந்தும் வலையும் வழங்குவோருக்கு இக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டா என்பது ஒருபுறம் இருக்க, கேள்வி விடை கூறத்தக்கதே. பேச்சுவார்த்தை மேசையில் நோர்மைப் பற்றி விவாதிக்கும்போது நிருவாகம் விளைச்சற் கணக்கோடும் ஆலைக் கணக்கோடும் வருகிறது. தொழிலாளர் தரப்பு முறையீட்டோடு வருகிறது. ஒரு தோள் எத்தனை கிலோவை எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பது அளக்கக்கூடிய செய்தி. குற்றம் சாட்டப்பட்ட முரளிதரனுக்காக அளவீடு பேசியது. அவருக்கு ஒரு கிரிக்கெட் சபை இருந்தது. கொழுந்துக்காரிக்கு யார் உளர்?

நாம் இருக்கிறோம் என்றே கூற வேண்டும். பேராதனையில் இயன்மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. இரண்டும் மலையின் வாசலிலேயே உள்ளன. எமது கவியரங்குகளில் கொழுந்து கிள்ளும் விரல்கள் பாடப்படாத ஆண்டில்லை. அவ்விரல்களின் பிடிவலுவை அளக்கும் கருவி தோட்பையில் அடங்கும். ஒருவரை அளக்க ஒரு நிமிடம் போதும். பிரட்டுக் கலைந்து மலைக்கு ஏறுமுன் ஒருமுறையும், மாலை நிறுவைக்குப் பின் ஒருமுறையுமாக, ஒரு தோட்டத்தில் ஒரு கொழுந்துப் பருவம் முழுதும் அளந்தால் ஒரு பட்ட ஆய்வுக்குப் போதிய தரவு கிடைக்கும். அதன் பிரதியொன்று தொழிற்சங்கக் காரியாலயத்துக்கும் செல்லட்டும்.